உடம்புக்குள் ஒரு பம்ப், அதற்குள் ஒரு மருந்து, அதற்குப் பின்னால் ஒரு மெட்ராஸ் மாணவர்! யார் இந்த எல்லப்பிரகட சுப்பாராவ்?

கேளம்பாக்கம் ஜங்ஷன் பக்கத்தில் ஒரு மருந்துக் கடை. மூட்டுவாதத்துக்கு மாத்திரை வாங்க எங்க பெரியம்மாவுடன் போயிருந்தேன். கடைக்காரர் அட்டையை எடுத்துக் கொடுப்பதற்கு முன் சீட்டில் ஒரு வரியைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார். வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும்தான் என்று மூன்று தடவை சொன்னார். மற்ற மாத்திரைகளை எல்லாம் அப்படியே பையில் போட்டவர், இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார்?

மாத்திரையின் பெயர் மெத்தோட்ரெக்ஸேட். மூட்டுவாதம், சொரியாசிஸ், ரத்தப் புற்றுநோய் என்று பல இடங்களில் பயன்படும் மருந்து. அளவு சரியாக இருந்தால் உயிரைக் காக்கும். வாரத்துக்கு ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று தவறாகப் புரிந்துகொண்டால் உயிரையே எடுத்துவிடும்.

இன்னொரு விஷயம். வயிற்றுத் தோலுக்கு அடியில் பொருத்தி, மருந்தைச் சொட்டுச் சொட்டாக உடலுக்குள் அனுப்பும் குட்டி பம்புகள் இருக்கின்றன. புற்றுநோய் சிகிச்சைக்காக அவற்றில் நிரப்ப அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்துகளில் இதே மெத்தோட்ரெக்ஸேட்டும் ஒன்று. எவ்வளவு மருந்து, எந்த இடத்தில், எவ்வளவு நேரம்? இந்த மூன்று கேள்விகளுக்கான இன்ஜினீயரிங் பதில்தான் அந்த பம்ப்.

அந்த மருந்து பிறந்த ஆய்வுக்கூடத்தின் தலைவர், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்த ஒருவர். பெயர் எல்லப்பிரகட சுப்பாராவ். அவருடைய கதையைப் பார்ப்போம்.

மூன்றாவது முயற்சியில் மெட்ரிக்

1895 ஜனவரி 12. அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த பீமவரத்தில் பிறந்தார் சுப்பாராவ். ஏழு குழந்தைகளில் ஒருவர். அப்பாவின் உடல்நிலை சரியில்லை, வீட்டில் எப்போதும் பணத்தட்டுப்பாடு. 13 வயதில் வீட்டை விட்டு ஓடியிருக்கிறார். காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரர் ஆகிவிடலாம் என்பது திட்டம். பாதி வழியிலேயே பிடித்துக் கொண்டுவந்துவிட்டார் அம்மா.

படிப்பும் சட்டென்று வரவில்லை. மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை தோல்வி. மூன்றாவது முயற்சியில், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் இருந்து தேறினார். அடுத்து மாநிலக் கல்லூரி. கணக்கில் ஆர்வம் இருந்தது. ஆனால், மனசு ராமகிருஷ்ண மடத்தின் பக்கம் போனது. துறவியாகிவிட நினைத்தார். அம்மா சம்மதிக்கவில்லை. அம்மாவின் அனுமதி இல்லாமல் சேர்த்துக்கொள்ள மடமும் தயாராக இல்லை. மருத்துவம் படித்தால் அதுவும் சேவைதானே என்று மடத்தில் இருந்தவர்கள் வழிகாட்ட, மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

1919-ல் திருமணம். மனைவி சேஷகிரி. மாமனார் வீட்டார்தான் படிப்புச் செலவுக்குக் கை கொடுத்தார்கள்.

ஒரு கதர் உடை என்ன செய்யும்?

அது காந்தியின் அழைப்பு நாடெங்கும் எதிரொலித்த நேரம். சுப்பாராவும் அந்நியத் துணியை விட்டுவிட்டுக் கதருக்கு மாறினார். அறுவை சிகிச்சைக் கூடத்துக்கும் கதர் உடையிலேயே போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வை சுப்பாராவ் நன்றாகவே எழுதியிருந்தார். ஆனாலும் கடைசியில் அவர் கைக்கு வந்தது முழு எம்.பி.பி.எஸ். பட்டம் இல்லை, அதற்கு ஒரு படி கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான்.

இதன் விலையை அவர் ரொம்ப நாள் கொடுத்துக்கொண்டிருந்தார். சென்னை மாகாண மருத்துவப் பணியில் சேர முயன்றார், இடம் கிடைக்கவில்லை. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் சொல்லிக்கொடுக்கும் வேலைதான் கிடைத்தது. பின்னாளில் அமெரிக்காவிலும் முழு டாக்டர் பட்டம் இல்லாதது பல கதவுகளைச் சாத்தி வைத்தது.

அண்ணன், தம்பி, ஸ்ப்ரூ

இந்தக் காலத்தில்தான் அவர் வாழ்க்கையின் பெரிய அடி விழுந்தது. அண்ணனும் தம்பியும் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். காரணம் ஸ்ப்ரூ என்ற குடல் நோய்.

ஸ்ப்ரூ என்றால் என்ன? சிம்பிளாகச் சொன்னால், சாப்பிடுவது எதுவும் உடம்பில் ஒட்டாது. குடலின் உட்சுவர் சத்தை உறிஞ்சும் திறனை இழந்துவிடும். தொடர் வயிற்றுப்போக்கு, நாக்கில் புண், ரத்தசோகை, எலும்பும் தோலுமாக இளைத்துப்போவது. வெப்ப நாடுகளில் அதிகம் வந்த நோய். அப்போது அதற்கு மருந்தே கிடையாது. படிப்பை முடிக்கும் நிலையில் இருந்த ஒரு மருத்துவ மாணவர், சொந்த வீட்டில் இரண்டு பேர் கரைந்துபோவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. பின்னர் அவரையும் அதே நோய் பிடித்தது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையில் பிழைத்தார்.

அதே மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் அவருக்குச் சில ஆண்டுகள் முன்பு, 1912-ல் பட்டம் பெற்றவர் முத்துலட்சுமி ரெட்டி. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கம்தான் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவாக ஒரு காரணம். கூடப் பிறந்தவர்களின் மரணம் இரண்டு பேரையும் இரண்டு திசைகளில் ஓட வைத்திருக்கிறது. முத்துலட்சுமி மருத்துவமனை கட்டினார். சுப்பாராவ் மருந்தைத் தேடிக் கப்பல் ஏறினார்.

பாஸ்டனில் பெட்பேன் கழுவியவர்

1920-களின் தொடக்கம். மாமனார் உதவியோடும் கடனோடும் அமெரிக்கா போய், ஹார்வர்டின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே டாக்டராக வேலை செய்ய உரிமம் இல்லை. சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் காசு வேண்டுமே? ஒரு மருத்துவமனையில் இரவுப் பணியாளராகச் சேர்ந்தார். நோயாளிகளின் பெட்பேன், சிறுநீர்க் கலன்களைக் கழுவும் வேலை. பகலில் படிப்பு.

ஊரில் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். அப்பா முகத்தைப் பார்க்காமலே, ஒரு வயது முடிவதற்குள் இறந்தும்போனான். சுப்பாராவ் திரும்பவில்லை. சில வருஷங்களில் வந்துவிடுவார் என்று காத்திருந்த சேஷகிரி, கணவரை மறுபடி பார்க்கவே இல்லை. சாதனையாளர் கதைகளில் இந்தப் பக்கத்தை நாம் வேகமாகப் புரட்டிவிடுகிறோம். அவர் சாதித்ததற்கான விலையில் பாதியைக் கட்டியது இந்தியாவில் இருந்த அந்தப் பெண்தான்.

நம் உடம்பின் பேட்டரி

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரின் உயிர்வேதியியல் கூடத்தில் சுப்பாராவ் சேர்ந்தார். ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று நிறத்தை வைத்து அளக்கும் முறையை இருவரும் 1925-ல் வெளியிட்டார்கள். ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்று இன்றும் உயிர்வேதியியல் மாணவர்கள் படிப்பது இதைத்தான்.

கேட்க சாதாரணமாகத் தெரியும். ஆனால், அளக்க ஒரு கருவி கையில் கிடைத்ததும் அடுத்த கதவு திறந்தது. தசை எங்கிருந்து சக்தி எடுக்கிறது? கிளைகோஜன் லாக்டிக் அமிலமாக மாறும்போது வருகிறது என்பதுதான் அப்போதைய கருத்து. அந்தத் துறை ஆய்வுக்கு 1922-க்கான நோபல் பரிசே கொடுத்திருந்தார்கள். ஃபிஸ்க்கும் சுப்பாராவும் தசைக்குள் பாஸ்போகிரியேட்டின் என்ற பொருளைக் கண்டறிந்தார்கள். 1929-ல் ஏ.டி.பி. என்ற மூலக்கூறையும் பிரித்தெடுத்தார்கள். அதே காலத்தில் ஜெர்மனியில் கார்ல் லோமானும் தனியாக அதைக் கண்டுபிடித்திருந்தார். நம்முடைய ஒவ்வொரு செல்லுக்கும் ஏ.டி.பி.தான் பேட்டரி. நீங்க இதைப் படிக்க ஸ்க்ரீனைத் தள்ளும் விரலுக்கும் அதுதான் சார்ஜ்.

1930-ல் முனைவர் பட்டம் வந்தது. நிரந்தரப் பேராசிரியர் பதவி வரவில்லை. ஃபிஸ்க்கின் பொறாமையால் சுப்பாராவின் சில கண்டுபிடிப்புகள் வெளிவராமலே போயின, பிறகு மற்றவர்கள் அவற்றைத் திரும்பக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்று அங்கே அவரோடு பணியாற்றிய ஜார்ஜ் ஹிச்சிங்ஸ் பின்னாளில் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. அந்த ஹிச்சிங்ஸ் 1988-ல் நோபல் பரிசு பெற்றவர்.

பம்பாய் ஆலைப் பெண்களும் ஒரு வைட்டமினும்

1940-ல் ஹார்வர்டை விட்டு வெளியேறினார். நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் ஊரில் லெடர்லே மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் அவரை எடுத்துக்கொண்டது. சீக்கிரமே ஆய்வுப் பிரிவின் இயக்குநராக உயர்ந்தார். இப்போதுதான் அவரிடம் ஆளும் இருந்தது, பணமும் இருந்தது. தேடல் மட்டும் பழையதுதான். தன் சகோதரர்களைக் கொன்ற நோய்க்கு மருந்து.

இதற்கு ஒரு துப்பு இந்தியாவிலேயே கிடைத்திருந்தது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாயில் ஜவுளி ஆலைகளில் வேலை பார்த்த கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட்டில் இருந்து செய்யப்படும் மார்மைட் கொடுத்ததும் அந்தப் பெண்கள் தேறினார்கள். 1931-ல் இதை எழுதினார். ஈஸ்ட்டிலும் ஈரலிலும் ரத்தத்தை உற்பத்தி செய்யும் ஏதோ ஒரு பொருள் இருக்கிறது. அது என்ன என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

சுப்பாராவின் குழு அதைப் பிரித்தது, அமைப்பைக் கண்டறிந்தது, 1945-ல் ஆய்வுக்கூடத்திலேயே செயற்கையாகத் தயாரித்தும் காட்டியது. அதுதான் ஃபோலிக் அமிலம். கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்தோடு சேர்த்துக் கொடுக்கிறார்களே, அதே ஃபோலிக் அமிலம். டாக்டர்கள் அதை ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சாகக் கிடந்தவர்கள் சில நாள்களில் எழுந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். மெட்ராஸில் இருந்து கப்பல் ஏறி இருபது வருஷங்களுக்கும் மேல் கழித்து, பதில் கைக்கு வந்தது. சகோதரர்களுக்குத்தான் ரொம்பத் தாமதம்.

போலிச் சாவி

கதை இங்கே ஒரு திருப்பம் எடுக்கிறது. ஃபோலிக் அமிலம் ரத்தச் செல்களை வளர்க்கிறது. அப்படியென்றால் ரத்தப் புற்றுநோய்க்கு? பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற நோயியல் நிபுணர், ஃபோலிக் அமில வகை மருந்துகளை லுகீமியா குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். விளைவு தலைகீழ். நோய் இன்னும் வேகமாக வளர்வதுபோலத் தெரிந்தது.

தோல்விதான். ஆனால், அதற்குள்ளேயே ஒரு யோசனையும் இருந்தது. இந்த வைட்டமினைத் தின்று புற்றுச் செல் வளர்கிறது என்றால், வைட்டமின் மாதிரியே இருக்கும், ஆனால் வேலை செய்யாத ஒரு போலியைக் கொடுத்தால் என்ன? பூட்டுக்குள் நுழையும், திருகினால் திறக்காது. அசல் சாவியையும் உள்ளே விடாது. அப்படிப்பட்ட போலிச் சாவிகளைத் தயாரித்தது சுப்பாராவின் குழு. முதலில் அமினோப்டெரின். அதில் சின்ன மாற்றம் செய்து, கொஞ்சம் பாதுகாப்பானதாக வந்தது மெத்தோட்ரெக்ஸேட்.

1947 கடைசியில் ஃபார்பர் அமினோப்டெரினைக் குழந்தைகளுக்குச் செலுத்த ஆரம்பித்தார். 1948 ஜூனில் முடிவு வெளியானது. 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. நிரந்தர குணம் இல்லை. ஆனால், அதுவரை லுகீமியா என்றால் சில வாரங்கள்தான் என்று வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு மருந்தால் அதைப் பின்வாங்க வைக்க முடியும் என்று உலகம் பார்த்தது அப்போதுதான். இன்றைய கீமோதெரபியின் அடித்தளங்களில் அது ஒன்று. 1956-ல் மின் சியூ லியும் ராய் ஹெர்ட்ஸும், நஞ்சுக்கொடித் திசுவில் உருவாகும் ஒருவகைப் புற்றுநோயை மெத்தோட்ரெக்ஸேட்டால் முழுவதுமாகவே குணப்படுத்திக் காட்டினார்கள்.

சரி, பம்ப் எங்கே வந்தது?

போலிச் சாவிக்கு ஒரு பிரச்னை உண்டு. அது புற்றுச் செல்லின் பூட்டு எது, நல்ல செல்லின் பூட்டு எது என்று பார்க்காது. வேகமாகப் பெருகும் செல் எதுவாக இருந்தாலும் அடைத்துவிடும். எலும்பு மஜ்ஜை, வாயின் உட்தோல், குடல் எல்லாமே வேகமாகப் பெருகுபவை. அதனால்தான் அளவு மீறினால் வாய் முழுக்கப் புண், ரத்த அணுக்கள் சரிவு, தொற்று. எவ்வளவு மருந்து என்பதோடு, எவ்வளவு நேரம் அது உடம்பில் நிற்கிறது என்பதும் முக்கியம். வாரம் ஒரு தடவை என்றால், நடுவில் நல்ல செல்கள் தேற அவகாசம் கிடைக்கும். தினமும் போட்டால் அந்த அவகாசம் போய்விடும். கடைக்காரரின் சிவப்பு வட்டத்துக்கு இதுதான் காரணம்.

இடமும் ஒரு சிக்கல். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு காவல் சுவர் இருக்கிறது. மெத்தோட்ரெக்ஸேட் வழக்கமான அளவில் அதைத் தாண்டிப் போதுமான அளவு உள்ளே போகாது. லுகீமியா செல்களோ மூளைத் தண்டுவட நீரில் போய் ஒளிந்துகொள்ளும். அதனால்தான் லுகீமியா குழந்தைகளுக்கு முதுகுத் தண்டில் ஊசி வழியாக இந்த மருந்தைச் செலுத்துகிறார்கள். திரும்பத் திரும்ப முதுகில் குத்துவது யாருக்குத்தான் பிடிக்கும்?

1963-ல் இதற்கு ஒரு வழி சொன்னவர் ஆயுப் ஓமாயா. லாகூரில் மருத்துவம் படித்தவர், அமெரிக்காவில் நரம்பு அறுவை சிகிச்சை நிபுணராக இருந்தவர். தலைத் தோலுக்கு அடியில் ஒரு சின்ன சிலிகான் குமிழ். அதில் இருந்து ஒரு குழாய் மூளையின் நீர் அறைக்குப் போகும். குமிழில் ஊசியால் மருந்தை ஏற்றி, விரலால் அமுக்கினால் போதும். ஓமாயா ரிசர்வாயர் என்று இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள். விரல்தான் பம்ப்!

அடுத்த படி, விரலே தேவையில்லாத பம்ப். 1969 வாக்கில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் பெர்ரி பிளாக்ஷியர், ஹென்றி புக்வால்ட் உள்ளிட்ட குழு இதில் இறங்கியது. டைட்டானியத்தில் ஒரு தட்டையான டப்பா. உள்ளே இரண்டு அறை. நடுவில் மடிப்பு மடிப்பாக விரிந்து சுருங்கும் உலோகத் தடுப்பு. ஒரு அறையில் மருந்து, இன்னொரு அறையில் எளிதில் ஆவியாகும் திரவம்.

இது எப்படி வேலை செய்கிறது? வீட்டு காஸ் சிலிண்டரை நினைச்சுக்கோங்க. உள்ளே திரவம் கொஞ்சமாவது இருக்கும் வரை, வெப்பநிலை மாறாவிட்டால், அழுத்தமும் மாறாது. அடுப்பு முதல் நாள் எரிவதுபோலத்தான் இருபதாம் நாளும் எரியும். நம்ம உடம்பு எப்போதும் கிட்டத்தட்ட 37 டிகிரி. அந்தச் சூட்டில் திரவம் ஆவியாகி, ஒரே சீரான அழுத்தத்தில் மருந்து அறையைத் தள்ளும். மருந்து முடியளவு மெல்லிய குழாய் வழியாகச் சொட்டும். பேட்டரி வேண்டாம், மோட்டார் வேண்டாம். தீர்ந்துபோனால் தோல் வழியாக ஊசி குத்தி மருந்தை நிரப்புவார்கள். அப்படி நிரப்பும் அழுத்தத்திலேயே ஆவி திரும்பத் திரவமாகிவிடும். அதாவது, ரீஃபில் பண்ணும்போதே ரீசார்ஜும் ஆகிவிடுகிறது. செம யோசனை இல்லையா?

குறையும் உண்டு. காய்ச்சல் வந்தால் அழுத்தம் கூடி மருந்து வேகமாக ஓடும். மலை உச்சிக்கோ விமானத்திலோ போனால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதாலும் வேகம் மாறும். வைத்த வேகத்தை டாக்டர் நினைத்தபோது மாற்றவும் முடியாது.

இதனால் அடுத்து வந்தவை பேட்டரியில் ஓடும் பம்புகள். உள்ளே சின்ன உருளைகள் ஒரு குழாயை அமுக்கிக்கொண்டே சுழலும். சின்ன வயசில் பெப்சி ஐஸைக் கீழே இருந்து மேலே அழுத்தித் தள்ளிச் சாப்பிட்டிருப்போமே, அதே டெக்னிக். டாக்டர் வெளியே இருந்தபடியே ரேடியோ சமிக்ஞையில் வேகத்தை மாற்றலாம். இரவில் குறைவு, காலையில் கூடுதல் என்றும் அமைக்கலாம்.

இன்று இவை அதிகம் பயன்படுவது தண்டுவட நீருக்குள் வலி மருந்து செலுத்தவும், தசை இறுக்கத்துக்கு பேக்லோஃபென் செலுத்தவும்தான். மார்ஃபினை வாய் வழியாகக் கொடுப்பதில் சுமார் 300-ல் ஒரு பங்கு, நேராகத் தண்டுவட நீருக்குள் போனால் போதும் என்பது மருத்துவர்களின் பொதுவான கணக்கு. கல்லீரலுக்குப் பரவிய புற்றுநோயில், கல்லீரல் தமனிக்குள்ளேயே மருந்தை விடும் பம்புகளும் உண்டு. கல்லீரலில் நல்ல திசுவுக்குப் பெரும்பாலான ரத்தம் போர்ட்டல் சிரை வழியாக வருகிறது, கட்டிக்கோ தமனி வழியாக வருகிறது. எனவே தமனியில் விட்டால் மருந்து கட்டிக்கு நேராகப் போகும்.

இது மேஜிக் பெட்டி இல்லை என்பதையும் சொல்லணும். செலவு லட்சக்கணக்கில் போகும். கிருமித் தொற்று வரலாம், குழாய் மடங்கலாம், அடைக்கலாம். ரீஃபில் செய்யும் ஊசி தவறி பம்புக்கு வெளியே இறங்கினால் மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் உடம்பில் கலந்துவிடும். நாளைத் தவறவிட்டு பம்ப் காலியானால், திடீரென்று மருந்து நின்றதன் விளைவும் ஆபத்தானது. அதனால், வைப்பதைவிட வருஷக்கணக்கில் தேதி தவறாமல் வந்து நிரப்பிக்கொள்வதுதான் கஷ்டம். மருத்துவமனை பக்கத்தில் இல்லாதவர்களுக்கு இது பெரிய கேள்வி.

உப்பில் கரைந்த மருந்து

பம்ப் இல்லாமலும் மருந்தைச் சீராகக் கொடுக்க முடியுமா? முடியும். அதற்கும் சுப்பாராவின் கூடத்துக்கும் தொடர்பு இருக்கிறது.

1947-ல் லெடர்லே கூடத்தில் இருந்து டை-எதில் கார்பமசின் என்ற மருந்து வந்தது. சுருக்கமாக டி.இ.சி. யானைக்கால் நோய்க்குக் காரணமான புழுக்களின் குஞ்சுகளை ரத்தத்தில் இருந்து அழிக்கும் மருந்து. செங்கல்பட்டு மாவட்டம் யானைக்கால் நோயோடு நீண்ட காலம் போராடிய பகுதி. சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து, கண்முன்னால் விழுங்கச் சொல்லிக் கொடுத்த மாத்திரை நினைவிருக்கிறதா? அதுதான்.

இதே மருந்தைச் சமையல் உப்பில் மிகக் குறைந்த அளவில் கலந்து, சாப்பாட்டோடு தினம் துளித்துளியாக உள்ளே போக வைக்கும் திட்டங்களும் நடந்தன. லட்சத்தீவிலும் காரைக்காலிலும் அந்த உப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். சீனா பெரிய அளவில் பயன்படுத்தியது. கேளம்பாக்கத்தில் இருந்து கோவளம் போகும் வழியில் உப்பளப் பாத்திகளைப் பார்த்திருப்பீங்க. டைட்டானியம் பம்ப் செய்யும் வேலையை, ஊர் முழுக்கச் சேர்த்து, ஒரு கைப்பிடி உப்பும் செய்ய முடியும் என்பதுதான் இதில் உள்ள ஆச்சரியம்.

ஆகஸ்ட் 1948

1948 கோடையில் சுப்பாராவின் கூடம் உச்சத்தில் இருந்தது. பெஞ்சமின் டகர் அங்கே கண்டறிந்த ஆரியோமைசின், டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக்குகளில் முதலாவது, அப்போதுதான் வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டிருந்தது. லுகீமியா முடிவுகள் வந்து சுமார் இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த ஆகஸ்டில் ஒரு நாள் இரவு தூங்கப் போன சுப்பாராவ், எழுந்திருக்கவே இல்லை. மாரடைப்பு. வயது 53.

ஏன் இவ்வளவு பேர் அவரை மறந்தார்கள்? சில காரணங்கள் இருக்கின்றன. கண்டுபிடிப்புகளில் தன் பெயரை முன்னால் தள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை. ஆய்வறிக்கைகளிலும் காப்புரிமைகளிலும் குழுவினரின் பெயர்களே நிறைய இருந்தன. நிறுவன ஆய்வு என்பதால் பெருமையும் நிறுவனத்துக்கே போனது. அமெரிக்காவில் கால் நூற்றாண்டு இருந்தும் குடியுரிமை பெறாமலே இறந்தார். அங்கே அவர் வெளிநாட்டுக்காரர், இங்கே ஊரைவிட்டுப் போனவர். இரண்டு பக்கமும் சொந்தம் கொண்டாட ஆள் இல்லை.

அங்கீகாரம் தாமதமாகத்தான் வந்தது. ஒரு பூஞ்சை இனத்துக்கு சுப்பாரோமைசஸ் என்று அவர் பெயரை வைத்தார்கள். 1995-ல், நூற்றாண்டை ஒட்டி இந்திய அரசு தபால் தலை வெளியிட்டது. ஃபோலிக் அமிலம், மெத்தோட்ரெக்ஸேட், டி.இ.சி. மூன்றுமே இன்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இருக்கின்றன. மூன்றும் காப்புரிமை காலாவதியான, விலை குறைந்த மருந்துகள்.

இப்போது திரும்ப அந்த மருந்துக் கடைக்கு வருவோம். வீட்டில் யாராவது மூட்டுவாதத்துக்கோ சொரியாசிஸுக்கோ மெத்தோட்ரெக்ஸேட் எடுக்கிறார்களா? அப்படியென்றால் இன்றைக்கே மூன்று விஷயம் செய்துவிடுங்க. எந்தக் கிழமை போட வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு, அட்டையின் மேலேயே எழுதி வையுங்க. தினசரி மாத்திரை டப்பாவில் இதைக் கலக்காமல் தனியாக வையுங்க. மற்ற நாள்களில் போடச் சொல்லி டாக்டர் ஃபோலிக் அமிலம் எழுதியிருந்தால், அதையும் இதையும் குழப்பிக்கொள்ளாதீங்க. வாயில் புண், காய்ச்சல், அசாதாரண ரத்தக்கசிவு இருந்தால் அடுத்த மாத்திரைக்குக் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்க.

எங்க பெரியம்மா அட்டையில் இப்போது ஞாயிறு என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போலிச் சாவி, டாக்டர் சொன்ன வேறொரு நாளில் அசல் சாவியான ஃபோலிக் அமிலம். இரண்டுமே, மூன்றாவது முயற்சியில் மெட்ரிக் தேறிய ஒரு திருவல்லிக்கேணி மாணவரின் கூடத்தில் இருந்து வந்தவை.